கரகரப்பு மைக்கில் இல்லை

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் துபாயின் கராமாவில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் இப்போது அந்தக் கம்பெனியில் ஒலிப்பதிவு பார்ப்பவர்கள். புதிதாக வந்த ஒரு கருவியைப் பற்றிச் சொன்னார்கள். நடிகரின் சட்டைக்குள் ஒட்டும் மைக்கில் விழும் ஒவ்வொரு சொல்லையும் அதுவே எழுத்தாக்கித் தந்துவிடுமாம். எந்த மொழியானாலும் சரியாம். “சிலோன் தமிழைக்கூடச் சரியா எழுதுது சார்” என்றார் ஒருவர் பெருமையாக.

அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நான்தான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். புறப்படும்போது, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். சாதனை என்று எழுத என்னிடம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டே இருபத்து மூன்று வருடம் ஓட்டியவன் நான். அதில் ஒரே ஒரு தடவை தப்பாகக் கேட்டேன். அதை எழுதுகிறேன்.

நான் ஒலிப்பதிவு படித்தவன் இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர். ஐ.டி.ஐ. முடித்து பஹ்ரைனுக்குப் போய், குதைபியாவில் ஒரு கடையில் டேப் ரிக்கார்டரும் டி.வி.யும் ரிப்பேர் பார்த்தேன். பிறகு துபாய். வெளிநாட்டுப் படக்காரர்கள் இங்கே வந்து எடுக்கும் படங்களுக்கு ஆளும் சாமானும் தரும் கம்பெனி ஒன்றில் வயர் சுற்றுகிற வேலை. வயர் சுற்றியே நாலு வருடம் போனது. ஒரு நாள், நீளக் கம்பில் மைக்கைக் கட்டி நடிகரின் தலைக்கு மேல் பிடிக்கும் ஆள் டூட்டிக்கு வரவில்லை. கம்பு என் கைக்கு வந்தது. அதன் பிறகு கீழே வைக்கவில்லை.

அந்தக் கம்பை என்னிடம் கொடுத்தவர் எலியாஸ். லெபனான்காரர், எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஆங்கிலம், அரபி, இந்தி மூன்றையும் கலந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் எட்டும் அளவில் பேசுவார். செட்டுக்கு எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். பாட்டரிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றையும் சோதிப்பார். பிறகு மைக்கை ஒட்டும் நாடாவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தன் சட்டைக் கைமேல் ஒட்டிக்கொள்வார். ஷாட் ஆரம்பிக்கும் முன் ஏசியை நிறுத்தச் சொல்வார். ஏசியின் இரைச்சல் வசனத்தைத் தின்றுவிடும். ஆகஸ்ட் மாதத்தில் ஏசியை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் நாற்பது பேரும் நனைந்துவிடுவோம். திட்டு அத்தனையும் அவருக்கு விழும். அவர் காதில் ஹெட்போன் இருக்கும்.

அவர் கண்டிப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில். டைரக்டர் ‘கட்’ என்று சொன்ன அடுத்த நொடி, நடிகரின் குரலைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நாங்கள் கீழே இறக்கிவிட வேண்டும். மைக் நடிகரின் நெஞ்சில்தான் இருக்கும். அவர் பாத்ரூம் போவார், பெண்டாட்டியோடு சண்டை போடுவார், ஏஜெண்டிடம் அழுவார். எல்லாமே எங்கள் காதுக்கு வரும். “ஸ்டீபன் பாய், கட் என்றால் நமக்கும் கட். கலாஸ், முடிந்தது” என்பார். தவறிப்போய் எதையாவது கேட்டுவிட்டால் அது கல்லறை வரைக்கும் நம்மோடு வர வேண்டும். அதை வெளியே சொன்ன ஒருவரை அடுத்த நாளே வேறு டிபார்ட்மெண்டுக்கு அனுப்பியதை நானே பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். செட்டில் எல்லோருக்கும் நான் மலையாளி. லைட் ஆட்களில் பாதிப் பேர் மலையாளிகள், அவர்களோடு மலையாளம், மற்றவர்களோடு இந்தி, என் பெயரோ ஸ்டீபன். யாரும் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை. அந்தச் சோம்பேறித்தனம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

அந்த மனிதனை இங்கே தயா என்று சொல்கிறேன். உண்மைப் பெயரும் மேடைப் பெயரும் வேறு. முதலில் அவரைப் பார்த்தது அபுதாபியில் ஒரு கச்சேரியில். லண்டனிலிருந்து வந்த ராப் பாடகர். அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பாடும்போது மைக்கின் தலையை முஷ்டியால் மூடிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். எலியாஸ் என்னை அனுப்பினார். ஒத்திகை நடுவில் மேடையேறி, “பிரதர், கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்க முடியுமா?” என்று இங்கிலீஷில் கேட்டேன். “அப்படிப் பிடித்தால்தான் எனக்குச் சொல் வரும்” என்றார். ஆனால் கச்சேரியில் மூன்றாவது பாட்டின்போது கையை இறக்கிவிட்டு, மேடை ஓரத்தில் நின்ற என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். அந்தக் குரல் கனமானது, அடித்தொண்டையிலிருந்து வருவது. ஒரு மூச்சுக்கு இருபது சொல் உருட்டினாலும் ஒரு சொல்கூட மழுங்காது. இப்படி ஒரு குரல் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு விருந்து.

அவரது கதையை அவர் பேட்டிகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அப்பா பெட்ரோல் பங்கில் வேலை. பள்ளிக்கூட பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து சக பையன்களோடு போட்டிக்குச் சொல் அடுக்கியதுதான் பயிற்சி. தெருவில் ஒரு நண்பன் கத்திக்குத்தில் செத்துப்போக, அதைப் பாடிய பாட்டு அவரை ஊருக்குக் காட்டியது. மூன்று ஆல்பம் வந்தது. அப்புறம் ஒரு டி.வி. தொடரில் சின்ன ரவுடி வேடம் கிடைத்தது. நாலு நாள் வேலைக்கு என்று போனவரை அந்தத் தொடரிலேயே இரண்டு வருடம் வைத்துக்கொண்டார்கள். ராப் பாடுகிறவனுக்கு நடிப்பு எதற்கு என்று எழுதினார்கள். நடிகன் என்று பெயர் வந்தபின், பாட்டை மறந்துவிட்டான் என்று எழுதினார்கள். இரண்டையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவர் முதல் தடவையாகக் கதாநாயகனாக நடித்த படத்தைத்தான் இங்கே எடுத்தார்கள். அது அவருடைய தாய்மாமாவின் வாழ்க்கை; எடுத்தவர்கள் லண்டன்காரர்கள், மாமாவின் வசனம் மட்டும் தமிழ். அந்த மாமா அரபு நாட்டில் யான்பு என்ற ஊரில் ரிஃபைனரியில் பைப் வேலை பார்த்து, தங்கை குடும்பத்தை லண்டனுக்கு அனுப்பி வைத்துவிட்டு, தான் எங்கேயும் போகாமல் கேம்ப்பிலேயே இறந்துபோனவர். கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவாராம். அந்தக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தன் குரலை மாமாவின் குரலாக ஆக்கி வைத்திருந்தார் தயா. வேறு யார் குரலும் அதில் இருக்கக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம்.

ஜெபல் அலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கோடவுனுக்குள் யான்பு கேம்ப்பை செட் போட்டிருந்தார்கள். அடுக்குக் கட்டில், கயிற்றில் லுங்கி, ஆணியில் டிபன் கேரியர். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. “மைக் போலீஸ்” என்று கைகொடுத்தார். நடிக்கும்போது ஒன்று கவனித்தேன். நீளமான வசனம் வந்தால் அவரது வலது கை தன்னையறியாமல் மேலே வந்து இல்லாத மைக்கை மூடிப் பிடிக்கும். டைரக்டர் ‘கட்’ சொல்வார். அவர் கையைப் பார்த்து, “போ, கீழே” என்று அதட்டுவார். எல்லோரும் சிரிப்போம்.

இரண்டாவது வாரம் கரகரப்பு ஆரம்பித்தது.

அவர் குரலுக்கு அடியில் மெல்லிய ஒரு சத்தம், மணலைத் தேய்ப்பதுபோல. எனக்கு அது மைக் கோளாறு. நாடாவை மாற்றி ஒட்டினேன். சட்டைத் துணி உரசுகிறது என்று காஸ்ட்யூம்காரரோடு சண்டை போட்டு உள்ளே பருத்தி பனியன் போட வைத்தேன். மைக்கை மாற்றினேன், குரலை ரேடியோ அலையாக அனுப்பும், இடுப்பில் கட்டும் பெட்டியை மாற்றினேன், மறுபடி மைக்கை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் தயா கையைத் தூக்கி நின்று என்னை வேலை செய்ய விடுவார். “சாரி பாஸ், சட்டைதான் போல” என்பார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம், சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஷாட் முடிந்தது. எலியாஸ் வெளியே போயிருந்தார். ‘கட்’ என்றதும் நான் குமிழை இறக்கவில்லை. அந்தக் கரகரப்பு நடக்கும்போதும் வருகிறதா என்று பார்க்கத்தான் திறந்து வைத்தேன், ஒட்டுக்கேட்க அல்ல. தயா கோடவுனுக்குப் பின்னால் இரும்புக் கண்டெய்னர்கள் பக்கம் போய் யாருக்கோ போன் போட்டார். தமிழில் பேசினார். செட்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நினைத்திருந்தார்.

கண்டெய்னருக்குப் பின்னால் போனால் அலை விட்டு விட்டு வரும். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: “அம்மா… கதை… ஏலாதாம்… ஒருத்தருக்கும் சொல்லேல்ல… அடுத்த நாளே வெளிக்கிடுறன்.”

அந்த வாரம் செட்டில் ஒரே பேச்சு கதையைப் பற்றித்தான். டைரக்டர் முடிவை மாற்ற நினைத்தார், தயாவுக்குப் பிடிக்கவில்லை, இருவரும் கேரவனுக்குள் சத்தம் போட்டது எல்லோருக்கும் தெரியும். ஆகவே என் புத்தி எப்படி ஓடியிருக்கும்? இந்தக் கதையில் நடிக்க முடியாது, யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த நாளே கிளம்புகிறேன். இலங்கைக்காரர்களோடு ரூமில் தங்கியவன் நான். ‘கதைக்கிறது’ என்றால் பேசுவது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று தலைக்குள் முழுக்க சினிமாக் கதைதான் இருந்தது.

நாயகன் போய்விட்டால் படம் நின்றுபோகும். நாற்பது பேரும் அதை நம்பித்தான் லீவைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். எலியாஸ் வரும்வரை பொறுத்திருக்கலாம். வந்திருந்தால் வாயை மூடு என்றுதான் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் நான் பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சாப்பாட்டு வரிசையில் நின்ற தயாரிப்பு மேனேஜர் மெஹ்ராவைத் தனியே கூப்பிட்டேன்.

“மெஹ்ரா பாய், தயா கிளம்பப் போறார். அம்மாகிட்ட போன்ல சொன்னார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தமிழ்ல பேசினார். நான் தமிழ்தான்.”

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு நடந்தார்.

ஒரு மணி நேரம் தயாவின் கேரவன் கதவு மூடியே இருந்தது. பிறகு மெஹ்ரா வெளியே வந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “அவர் எங்கேயும் போகவில்லை. தொண்டையில் கட்டி. லண்டன் டாக்டர் போன மாதமே ஆபரேஷன் என்றாராம். படம் முடியட்டும் என்று மறைத்திருக்கிறார். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு நான் மறைக்க முடியாது” என்றார். இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொன்னார்கள். அன்று மாலைக்குள் முடிவு வந்தது. தயா இனிமேல் செட்டில் வசனம் பேசக் கூடாது. வாயசைத்தால் போதும். குரல் நடுவில் மாறக் கூடாது என்று முழுப் படத்துக்கும் சென்னையிலிருந்து ஒரு குரல் வரும்.

எலியாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. தயாவின் இடுப்புப் பெட்டியைக் கழற்றி அதற்குள் இருந்த சின்னக் கார்டை எடுத்தார். அலை விட்டுப்போனாலும் அந்தக் கார்டில் முழுசாகப் பதிவாகியிருக்கும். “பாதி கேட்டாய், பாதியைச் சொன்னாய். முழுசையும் ஒரு தடவை கேள். பிறகு நான் அழித்துவிடுவேன்” என்று ஹெட்போனை என் தலையில் அவரே மாட்டினார்.

“அம்மா, இப்பிடியே விட்டா இனி வடிவாக் கதைக்க ஏலாதாம் எண்டு டொக்டர் சொல்லுறார். வெட்டினாலும் இந்தக் குரல் இராதாம். இங்க ஒருத்தருக்கும் சொல்லேல்ல. மாமான்ட குரல் இந்தத் தொண்டையிலதான் இருக்கு, அம்மா. இன்னும் ரெண்டு கிழமைதானே. படம் முடிஞ்ச அடுத்த நாளே வெளிக்கிடுறன். யோசிக்காதேங்கோ.”

கண்டெய்னர் இல்லை, இரைச்சல் இல்லை, தெளிவாக இருந்தது. அந்தக் கரகரப்பும் தெளிவாக இருந்தது. இரண்டு வாரம் அவர் நெஞ்சில் நாடா ஒட்டி, பனியன் மாற்றி, இரண்டு தடவை மைக் மாற்றி நான் தேடியது அவர் தொண்டைக்குள் இருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றினேன். எலியாஸ் கார்டை அழித்தார். பிறகு தன் சட்டைக் கைமேல் இருந்த நாடாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் குப்பையில் போட்டார். அன்று எனக்கு வந்த அழுகை வெட்கத்தால் வந்தது. அதை வேறு பெயரில் எழுத நான் விரும்பவில்லை.

தயா ஒன்றே ஒன்று கேட்டார் என்று மெஹ்ரா சொன்னார். மாமா கடைசியாக வீட்டுக்கு போன் பேசும் காட்சியை மட்டும் தன் குரலில் எடுக்க வேண்டும். துபாய் டாக்டர் யோசித்துச் சம்மதித்தார். ஐந்து நாள் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை.

அந்த ஐந்து நாளும் அவர் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கியது. எதுவானாலும் அதில் எழுதிக் காட்டுவார். இரண்டாவது நாள் மைக் ஒட்டப் போனேன். அவர் பேசாவிட்டாலும் மூச்சும் நடைச் சத்தமும் பதிவாக மைக் வேண்டும். அவர் பலகையில் இங்கிலீஷில் எழுதினார்: ‘நீங்கள் தமிழா?’ தலையாட்டினேன். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துவிட்டு, சட்டைக் கையால் அழித்தார். நான் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமல் நாடாவை ஒட்டினேன். அவரைப் பேசாமல் நிற்க வைத்துவிட்டு நான் எப்படிப் பேசுவது?

ஐந்தாம் நாள் மாலை நாலு மணி. எலியாஸ் கம்பைத் தானே எடுத்துக்கொண்டு, என்னைக் கருவிக்கு முன்னால் உட்கார வைத்தார். “தமிழ் உனக்குத்தான் தெரியும். நீ கேள்” என்றார். ஏசி நின்றது. நாற்பது பேரும் வியர்வையில் அசையாமல் நின்றார்கள். மறுமுனையில் வெறும் போன் வேண்டாம், தன் அம்மாவே இருக்கட்டும் என்று தயா எழுதிக் காட்டியிருந்தார். லண்டனில் அந்த அம்மா காத்திருந்தார்கள். அவர்கள் குரல் யாருக்கும் கேட்காது, ரிசீவரை வைத்திருந்த அவர் காதுக்கு மட்டும்தான்.

“அம்மா… ஓம், நான்தான். சுகமா இருக்கிறன். சாப்பாடெல்லாம் நல்லது. இல்லை, வெயில் இல்லை… பிள்ளையள் படிக்கினமே? அது போதும். நான் ஆறுதலா வாறன். யோசிக்காதேங்கோ, அம்மா.”

ஐந்து நாள் சேர்த்து வைத்த குரல். கரகரப்பு இருந்தது. அதற்கு மேல், அபுதாபியில் நான் கேட்ட அந்தக் கனமும் முழுசாக இருந்தது. வலது கை மேலே வந்து ரிசீவரின் வாயை மூடிப் பிடித்தது. ஊளையிட அங்கே ஸ்பீக்கர் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

“கட்.”

நான் குமிழை இறக்கினேன். யோசிக்கக்கூட இல்லை. அதற்கு முந்தைய நாட்களில் என் கை அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்வதைத் தவிர வேறு எதையும் வேண்டவில்லை. பதிவையும் நிறுத்தினேன்; அன்றைக்குப் பிறகு அந்த இடுப்புப் பெட்டிக்குள் எலியாஸ் கார்டு போடுவதில்லை.

நிமிர்ந்தபோது தயா ரிசீவரை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் குனிந்து, நெஞ்சில் மைக் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்துப் பேசினார். உதடு அசைந்தது. நாலைந்து சொல் இருக்கும். நாற்பதடி தூரம். என் காதை ஹெட்போன் மூடியிருந்தது. அதற்குள் ஒன்றுமே இல்லை.

குமிழைத் தூக்கியபோது மூச்சு மட்டும் கேட்டது.

ஓடிப்போய் மைக்கைக் கழற்றினேன். “தம்பி, மன்னிச்சிருங்க. நீங்க சொன்னது எனக்குக் கேக்கல” என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் தமிழ் அதுதான். அவர் என் ஹெட்போனைப் பார்த்தார், குமிழ் இருந்த பக்கம் பார்த்தார். புரிந்துகொண்டார். தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். டாக்டர் தந்தது ஒரு தடவைதான், அது முடிந்துவிட்டது. என் தோளை இரண்டு தரம் தட்டிவிட்டுப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். அந்தப் பலகையில் எழுதிக் காட்டுங்கள் என்று கேட்கலாம்தான். நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

என் மகள் நர்ஸ். “நீங்க சொன்னதாலதாம்ப்பா அவரு தொண்ட பிழைச்சுது. இன்னும் ரெண்டு வாரம் கத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். இருக்கலாம். அவரைக் காப்பாற்ற நினைத்து நான் சொல்லவில்லையே.

படம் வந்தது. கராமா வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சென்னைக்காரர் நன்றாகவே பேசியிருந்தார். போன் காட்சி வந்ததும் வீடு முழுக்க வேறு ஒரு ஆள் நடந்து வந்ததுபோல இருந்தது. எழுந்து ஏசியை நிறுத்தினேன்.

தயா இப்போதும் நடிக்கிறார், பெரிய பெரிய படங்களில். பாடுவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த குரல் லேசானது, வழுவழுப்பானது, ஒரு பிசிறு கிடையாது. மைக் ஒட்டுகிற எவனும் ஆசைப்படும் குரல். டி.வி.யில் அவர் பேட்டி வந்தால் நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு உதட்டை மட்டும் பார்க்கிறேன்.